கூழ்ப் பானையும் கோடெக்ஸ் வரையறையும்: உணவில் எது இரசாயன மாசு?

யாழ்ப்பாணத்தில் சாப்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் "இப்ப எல்லாம் நஞ்சுதானே" என்று சொல்லிவிடுவார். கத்தரிக்காய்க்கு அடிக்கிற மருந்து, வாழைக்குலைக்கு வைக்கிற காபைட், மீனுக்குப் போர்மலின், மஞ்சள் தூளுக்குள் மா, சுன்னாகத்துக் கிணற்றில் எண்ணெய், சொசேஜுக்குள் போடுகிற இரசாயனம் என்று எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும். பயம் நியாயமானதுதான். ஆனால் இவை ஒரே பிரச்சினை இல்லை. ஒன்று சட்டம் அனுமதித்தபடி போடப்பட்டது. ஒன்று காசுக்காகச் செய்த களவு. ஒன்று தோட்டக்காரர் லேபிளில் உள்ள நாட்கணக்கைப் பார்க்காததால் வந்தது. இன்னொன்றை யாரும் போடவே இல்லை, தானாக வந்து சேர்ந்தது. யாரைக் கேட்பது, எதை நிறுத்துவது, எங்கே முறையிடுவது என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு. உணவுப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் வரையறை விஷயத்தில் இத்தனை கறாராக இருப்பது அதனால்தான். வெளியிலிருந்து பார்த்தால் வீண் இலக்கணச் சண்டை போலத் தெரியும்; நான் அப்படி நினைக்கவில்லை.

உலகம் முழுக்கப் பெரும்பாலும் பின்பற்றப்படும் வரையறை கோடெக்ஸ் அலிமென்டாரியஸ் ஆணைக்குழுவினுடையது. உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1963இல் தொடங்கிய அமைப்பு அது. இலங்கையும் அதில் உறுப்பு நாடு. அந்த வரையறையை என் சொற்களில் இப்படிச் சொல்லலாம்: வேண்டுமென்று சேர்க்கப்படாமல், பயிர்ச்செய்கை, கால்நடை வளர்ப்பு, உற்பத்தி, பதப்படுத்தல், சமைத்தல், பொதி செய்தல், ஏற்றியிறக்கல், களஞ்சியத்தில் வைத்திருத்தல் என்ற படிகளில் ஏதாவது ஒன்றின் விளைவாகவோ, சுற்றாடல் மாசடைந்ததன் விளைவாகவோ உணவில் வந்திருக்கும் எந்தப் பொருளும் மாசு. பூச்சித் துண்டு, எலி மயிர் மாதிரியானவை இதில் சேராது. அவற்றுக்கு வேறு கணக்கு.

இதை முதல் தடவை வாசிப்பவர் ஒரு விஷயத்தைத் தவறவிட்டுவிடுவார். இந்த வரையறையில் "தீங்கு" என்ற பேச்சே இல்லை. எவ்வளவு இருந்தால் மாசு என்றும் இல்லை. அது கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: இந்தப் பொருள் எந்த வழியால் உள்ளே வந்தது? தீங்கா இல்லையா, எவ்வளவு மட்டும் பொறுக்கலாம் என்பதெல்லாம் அடுத்த படி, வேறு ஆட்களின் வேலை. இலங்கையின் 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இதற்கு மறுபக்கத்திலிருந்து தொடங்குகிறது. இயற்கையாக இருந்தாலென்ன, சேர்க்கப்பட்டதென்றாலென்ன, உடலுக்குக் கேடு விளைவிக்கும் பொருள் உள்ள உணவை விற்கக் கூடாது என்பது அதன் போக்கு. வழக்குப் போடுவதற்கு அது சரியான தொடக்கம். தடுப்பதற்கு கோடெக்ஸின் தொடக்கம்தான் உதவும். வந்த வழி தெரியாமல் எதையும் அடைக்க முடியாது.

மாசுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பிரித்துப் பார்த்தால்தான் மாசின் எல்லை தெரியும்.

முதலாவது சேர்க்கை. ஐஸ்கிறீமின் நிறம், சொசேஜில் போடும் சோடியம் நைத்திரைற்று, ஜாமில் போடும் பென்சோவேற்று எல்லாம் தெரிந்து, ஒரு வேலைக்காகப் போடப்படுபவை. அளவு மீறினால் குற்றம், ஆனால் மாசு இல்லை. உப்பில் போடும் அயடீன் இன்னும் வேடிக்கையானது. 1995இலிருந்து இலங்கையில் சாப்பாட்டு உப்புக்கு அயடீன் கட்டாயம். வேண்டுமென்றுதான் போடுகிறார்கள், அதனால் மாசு இல்லை. போசணைக்காகப் போடுவதால் கோடெக்ஸ் கணக்கில் அது சேர்க்கையும் இல்லை, தனி வகை.

இரண்டாவது எச்சம். யாழ்ப்பாணத்தவர் அதிகம் பயப்படுகிற "மருந்து" இதற்குள்தான் வருகிறது. பயித்தங்காய்க்கும் கத்தரிக்கும் அடித்த பூச்சிமருந்தில் மிச்சமாகக் காயில் தங்குவதை கோடெக்ஸ் மாசுகளின் பொது நியமத்துக்குள் வைப்பதில்லை. அதற்கென்று தனிக் குழு, தனி அட்டவணை இருக்கிறது. காரணம் எளிது. மருந்தைத் தோட்டக்காரர் ஒரு நோக்கத்தோடு, தெரிந்து அடிக்கிறார். எப்போது அடிக்கலாம், அடித்து எத்தனை நாள் கழித்துப் பிடுங்கலாம் என்று விதி வைக்க முடியும். மாசு விஷயத்தில் அப்படி விதி வைக்க ஆளே இல்லாமல் போகலாம். இங்கேயும் ஒரு விதிவிலக்கு உண்டு. மலேரியாவை ஒழிக்க 1940களில் இலங்கையின் வீடுகளுக்குள் டிடிடி அடித்தார்கள். அது எளிதில் அழியாத பொருள். யாரும் பயிருக்கு அடிக்காமலே பழைய மண்ணிலிருந்து டிடிடி ஒரு பயிருக்குள் ஏறினால், அது பூச்சிமருந்து என்ற பெயரோடேயே மாசு மாதிரி நடத்தப்படுகிறது. கோடெக்ஸ் இதற்குப் புறம்பான எச்சம் என்று தனி எல்லை வைத்திருக்கிறது. அதே மூலக்கூறு, வந்த வழி வேறு, சட்டமும் வேறு.

மூன்றாவது கலப்படம். இதில் நோக்கம் இருக்கிறது, அது ஏமாற்றுவது. மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்ட 2020ஆம் ஆண்டை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விலை ஏறிய ஏற்றத்தில் இராமேஸ்வரப் பக்கமிருந்து படகில் மஞ்சள் மூட்டை வந்தது, கடற்படை பிடித்தது, கடைகளில் மாக் கலந்த தூளும் பிடிபட்டது. மஞ்சளில் மாக் கலந்தால் போவது காசு. பங்களாதேஷில் நடந்தது வேறு. அங்கே மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வர ஈயக் குரோமேற்று பூசியதை 2019இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதே ஈயம் பழைய பெற்றோல் புகையால் மாசுபட்ட மண்ணிலிருந்து மஞ்சளில் வந்திருந்தால் அது மாசு. நிறத்துக்காகப் பூசினால் கலப்படம். ஆய்வுகூட இயந்திரத்துக்கு இரண்டும் ஈயம்தான். ஆனால் முதலாவதுக்குத் தோட்டத்து மண்ணைப் பார்க்க வேண்டும், இரண்டாவதுக்குப் பொலிசைக் கூப்பிட வேண்டும்.

எல்லைக்கோடு எப்போதும் இத்தனை தெளிவாக இருப்பதில்லை. 2008இல் சீனாவில் பாலில் தண்ணீர் கலந்துவிட்டு, புரதம் குறையாதது போலக் காட்ட மெலமைனைக் கலந்தார்கள். மெலமைனில் நைதரசன் அதிகம். வழக்கமான புரதப் பரிசோதனை நைதரசனைத்தான் எண்ணுகிறது, யாருடைய நைதரசன் என்று கேட்பதில்லை. ஆறு குழந்தைகள் இறந்தன, ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. சந்தேகமே இல்லாத கலப்படம். இருந்தும் மெலமைன் இன்று கோடெக்ஸின் மாசு நியமத்துக்குள் இருக்கிறது: குழந்தைப் பால்மாவில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், மற்ற உணவுகளில் 2.5 மில்லிகிராம். ஏனென்றால் மெலமைன் தட்டிலிருந்தும் ஒருவகைப் பூச்சிமருந்து சிதைவதாலும் மிகச் சிறிய அளவு தானாகவே உணவில் சேரும். அந்தத் தவிர்க்க முடியாத சிறு அளவு எது, களவு எது என்று பிரிக்க ஓர் எண் தேவைப்பட்டது.

போர்மலின் பேச்சிலும் இதே சிக்கல் உண்டு. சில இன மீன்களை உறையவைத்து வைத்திருக்கும்போது அவற்றின் சதையில் இயல்பாக உள்ள ஒரு பொருள் உடைந்து போர்மல்டிகைட்டு உருவாகும்; அதைத் தண்ணீரில் கரைத்ததுதான் போர்மலின். மீனில் போர்மல்டிகைட்டு இருக்கிறது என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு வியாபாரி போர்மலின் அடித்தார் என்று முகநூலில் தீர்ப்பு எழுதுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். எந்த மீன், எவ்வளவு என்று கேட்காமல் அந்த வரிக்கு அர்த்தம் இல்லை.

இதெல்லாம் நம்முடைய சாப்பாட்டில் எப்படி வந்து நிற்கிறது என்று பார்க்க, ஒடியல் கூழை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஒரே பானைக்குள் தண்ணீர், ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கின் மா), மரவள்ளிக்கிழங்கு, நண்டு, மீன், பயித்தங்காய், செத்தல் மிளகாய். வரையறையில் உள்ள ஏறக்குறைய எல்லா வாசலும் அந்தப் பானைக்குள் திறக்கிறது.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் யாழ்ப்பாணத்தின் பெரிய மாசுக் கதை அதுதான். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை; வழுக்கையாறும் மழைக்காலத்துக்கு மட்டும்தான். மாரி மழை மெல்லிய மண்ணினூடாகக் கீழே இறங்கி, வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்குவதுதான் நம்முடைய தண்ணீர். புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல் எப்படிப்பட்டது என்று விளக்கத் தேவையில்லை. இந்த மண்ணுக்கு மேலே வலிகாமத்துச் செம்மண் தோட்டங்கள். வெங்காயம், மிளகாய், புகையிலை, பீற்றூட், உருளைக்கிழங்கு என்று வருடத்தில் இரண்டு மூன்று போகம். யூரியாவும் மாட்டெருவும் தாராளமாக விழும். தோட்டத்துக்குப் பக்கத்தில் வீடு, வீட்டுக்குப் பின்னால் மலசலகூடக் குழி, அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிணறு. பயிர் எடுக்காமல் மிஞ்சிய நைதரசனும் குழியிலிருந்து கசிகிற நைதரசனும் நைத்திரேற்றாக மாறித் தண்ணீரோடு இறங்கும். அதைப் பிடித்து வைக்க அந்தக் கல்லுக்குத் திறமை இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலும் இலங்கையின் குடிநீர்க் கட்டளையும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றை மேல் எல்லையாக வைத்திருக்கின்றன. குடாநாட்டின் கமப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இந்த எல்லை தாண்டப்பட்டிருப்பதைப் பல்லாண்டுகளாக ஆய்வுகள் காட்டி வருகின்றன. இந்த எல்லை யாரை மனதில் வைத்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1945இல் அமெரிக்காவின் அயோவாவில் கொம்லி என்ற வைத்தியர், கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்த சிசுக்கள் நீலம் பாரித்ததை எழுதினார். நைத்திரேற்று உடலில் நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வேலையைக் கெடுக்கிறது. முக்கியமாக ஆறு மாதத்துக்குட்பட்ட, போத்தல் பால் குடிக்கும் பிள்ளைகளுக்குத்தான் இந்த ஆபத்து. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும்.

இப்போது அதே நைத்திரேற்றைப் பயிர்ப் பக்கத்திலிருந்து பாருங்கள். அங்கே அது போசணை, அதில்லாமல் வெங்காயம் தடிக்காது. பீற்றூட்டிலும் கீரையிலும் இயல்பாகவே நிறைய இருக்கிறது, அங்கே அது தாவரத்தின் பாகம். இறைச்சியைப் பழுதாகாமல் வைக்கும் உப்பில் அது சேர்க்கை. கிணற்றில் அது மாசு. நைத்திரேற்று நல்லதா கெட்டதா என்று கேட்கிறவருக்குப் பதில் சொல்ல முடியாது. எந்த வழியால் எங்கே வந்து நிற்கிறது என்று கேட்டால் சொல்லலாம்.

சுன்னாகக் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் நீட்டவில்லை. அனல் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தது, அறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன, மக்கள் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் மின் நிலையத்தை இயக்கிய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடாகச் செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. வரையறையின் கடைசி வால், சுற்றாடல் மாசடைந்ததன் விளைவாக என்ற பகுதி, வேலை செய்த இடம் அது. வந்த வழியைச் சுட்டிக்காட்ட முடிந்ததால் பொறுப்பையும் சுட்டிக்காட்ட முடிந்தது. நைத்திரேற்றுக்கு அப்படி ஒரு பிரதிவாதி கிடைக்க மாட்டார். ஊரே பிரதிவாதி.

அடுத்து பானைக்குள் போகிற கிழங்கு. மரவள்ளியில் லினமாரின் என்ற பொருள் உண்டு. கிழங்கைச் சீவும்போதும் நசுக்கும்போதும் அது உடைந்து சயனைட்டு வாயு வரும். யாரும் போடவில்லை, தொழிற்சாலையும் இல்லை, மண்ணும் கெடவில்லை. கிழங்கின் சுபாவமே அது. அப்படியானால் மாசா? கோடெக்ஸ் இங்கே கொஞ்சம் தடுமாறுகிறது. ஒரு தாவரம் தன் இயல்பிலேயே கொண்டிருக்கும் நச்சுகள் பொதுவாக இந்த நியமத்தில் அடங்காது, தேவைப்பட்டால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று எழுதி வைத்துவிட்டு, மரவள்ளி மாவுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் ஐதரசன் சயனைட்டு என்று எல்லையும் போட்டிருக்கிறார்கள். பச்சைக் கிழங்கில் 50 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால்தான் இனிப்பு மரவள்ளி என்ற வகைக்குள் வரும். நம்முடைய அம்மம்மாமார் இந்த எண்களைப் பார்க்காமலே மரவள்ளியை மூடாமல் அவிக்கச் சொன்னார்கள். சயனைட்டு வாயு ஆவியோடு வெளியே போக வேண்டும், அதற்குத்தான் அந்தத் திறந்த சட்டி. ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மேல் தண்ணீரை வடித்து, மறுபடி ஊற்றி வடிப்பதும் இந்த வகைதான். கயர்ப்பு போவதற்கென்று சொன்னாலும், தண்ணீரில் கரைகிற வேண்டாத பொருட்களும் அதோடு போகின்றன. இந்தச் சடங்குகளை அவசரத்துக்குச் சுருக்கிவிட்டு, கடையில் வாங்கிய சோஸில் உள்ள சேர்க்கை எண்ணைப் பார்த்துப் பயப்படுவது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

இயற்கை என்று சொல்லித் தப்ப முடியாத இன்னொன்று பூஞ்சண நச்சு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. தேடிப் போனால் பிரேசிலிலிருந்து வந்த கச்சான் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணம் காரணமென்று தெரிந்தது. அந்த நச்சுக்கு அஃப்ளடொக்சின் என்று பெயர் வைத்தார்கள். ஈரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட பொருள் அது. 2021இல் இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்ளடொக்சின் இருந்தது நாடு முழுக்கப் பேச்சானது நினைவிருக்கும். நமக்கு அது கச்சானிலும் செத்தல் மிளகாயிலும் கொப்பரையிலும் வரும். சரியாகக் காயாமல் மூட்டை கட்டுவது, மாரிக் குளிர்ச்சியில் ஈரச் சுவரோடு அடுக்கி வைப்பது போதும். கோடெக்ஸ் இதை முழு மாசாகவே எடுத்துக்கொள்கிறது. மரவள்ளிக்குச் சயனைட்டு சுபாவம், கச்சானுக்கு அஃப்ளடொக்சின் அப்படி இல்லை, களஞ்சியப்படுத்தலில் வந்தது. வறுத்தால் கொஞ்சம் குறையும், முற்றாகப் போகாது. நல்லூர்த் திருவிழாக் கச்சான் வாங்கி உடைக்கும்போது சுருங்கியதும் நிறம் மாறியதும் கசப்பதும் வந்தால் துப்பிவிடுவது பழைய பழக்கம். அதற்கு மேல் நல்ல ஆலோசனை யாரிடமும் இல்லை.

சமைத்தல் என்ற சொல் வரையறைக்குள் இருப்பதைச் சிலர் கவனிப்பதில்லை. 1997இல் சுவீடனில் ஒரு ரயில் சுரங்கப்பாதை தோண்டும்போது கசிந்த அக்ரிலமைட்டு என்ற இரசாயனத்தால் பக்கத்துப் பண்ணை மாடுகள் நடக்க முடியாமல் விழுந்தன. வேலையாட்களின் இரத்தத்தைச் சோதித்த விஞ்ஞானிகள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சம்பந்தமில்லாத ஆட்களின் இரத்தத்தையும் எடுத்தார்கள். அவர்களிடமும் அக்ரிலமைட்டின் தடயம் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று தேடிய தேடல் 2002இல் அடுப்படியில் போய் நின்றது. மாச்சத்துள்ள உணவு 120 பாகைக்கு மேல் பொரியும்போதோ வறுபடும்போதோ, அதிலுள்ள அஸ்பரஜின் என்ற அமினோ அமிலமும் சீனியும் சேர்ந்து அக்ரிலமைட்டை உண்டாக்குகின்றன. உருளைக்கிழங்குப் பொரியல், வறுத்த கோப்பி, கருக வாட்டிய பாண் எல்லாவற்றிலும் உண்டு. வேண்டுமென்று யாரும் சேர்க்கவில்லை, சமைத்ததால் வந்தது, ஆகவே மாசு. நெருப்பில் சமைக்கத் தொடங்கிய நாளிலிருந்து மனிதர் இதைச் சாப்பிட்டு வருகிறார்கள். கோடெக்ஸ் 2009இல் குறைக்கும் வழிகளை எழுதி வெளியிட்டதோடு நின்றது, எல்லை போடவில்லை. பொன்னிறத்தோடு இறக்குங்கள், கருகவிடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். கொப்பரையைப் புகையில் காய வைக்கும்போது எண்ணெயில் சேரும் பொருட்கள் பதப்படுத்தல் என்ற வாசலாலும், பேப்பரில் சுற்றிய வடையில் ஏறும் அச்சு மை பொதி செய்தல் என்ற வாசலாலும் வருகின்றன.

நண்டுக்கு ஒரு வரி போதும். கட்மியம் என்ற உலோகம் நண்டின் கால் சதையை விட, ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புச் சதையில்தான் அதிகம் சேர்கிறது. ஐரோப்பியச் சட்டத்தின் எல்லை கால் சதைக்கு மட்டும் போடப்பட்டது. ஓட்டை உறிஞ்சுகிறவர்களுக்கு இந்தச் செய்தி பிடிக்காது.

மீனில் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எல்லை எண்களை எப்படி வாசிப்பது என்பதை அது காட்டும். பாதரசம் கடலில் மெதைல் பாதரசமாக மாறி, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போகும். 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் அடையாளம் காணப்பட்ட நோய்க்குக் காரணம் தொழிற்சாலைக் கழிவிலிருந்து மீனுக்குள் போன இந்தப் பொருள்தான். நெத்தலியிலும் சூடையிலும் குறைவு, பெரிய சுறாவிலும் கொப்பரனிலும் அதிகம். கோடெக்ஸ் சுறாவுக்குப் போட்ட எல்லை கிலோவுக்கு 1.6 மில்லிகிராம். சரி, இந்த எல்லைக்குள் இருந்தால் எவ்வளவும் சாப்பிடலாமா?

கணக்குப் போடலாம். சேர்க்கைகளையும் மாசுகளையும் மதிப்பிடும் சர்வதேச நிபுணர் குழு 1956இலிருந்து இயங்குகிறது. மெதைல் பாதரசத்துக்கு அது வைத்த அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம். கருவிலிருக்கும் பிள்ளையின் மூளையை மனதில் வைத்துப் போட்ட எண் அது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரத்துக்கு 80 மைக்ரோகிராம். எல்லையின் விளிம்பில், கிலோவுக்கு 1.6 மில்லிகிராம் உள்ள சுறாவில் 50 கிராம் சாப்பிட்டாலே அந்த 80 வந்துவிடும். ஒரு சுறாப் புட்டுக்குக் கூடக் காணாது. அப்படியென்றால் சந்தையில் விற்கலாம் என்ற எல்லை வேறு, ஒருவர் எவ்வளவு சாப்பிடலாம் என்ற அளவு வேறு. முதலாவது மீனைப் பற்றியது, இரண்டாவது ஆளைப் பற்றியது. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால்சுறா கொடுக்கும் நம்முடைய பத்தியத்தை இதை வைத்து நான் குற்றம் சொல்லவில்லை. பால்சுறா சின்ன இனம்; அளவிலும் வயதிலும் சிறிய மீனில் பாதரசம் சேர நேரம் குறைவு. கர்ப்பகாலத்தில் பெரிய சுறாவைத் தொடர்ந்து சாப்பிடுவதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

பூச்சிமருந்து எச்சத்தின் எல்லை இன்னொரு மாதிரி. லேபிளில் சொன்னபடி அடித்து, சொன்ன நாள் பொறுத்துப் பிடுங்கினால் காயில் எவ்வளவு மிஞ்சும் என்று வயலில் பரிசோதித்துப் பார்த்து, அது உடலுக்கு ஏற்கக் கூடிய அளவுக்குள் நிற்கிறதா என்று சரிபார்த்துப் போடுவது அது. எல்லை மீறியது என்றால் முதலில் அதன் அர்த்தம், தோட்டத்தில் ஒழுங்கு மீறப்பட்டது என்பது. உடனே நஞ்சு என்று அர்த்தமில்லை, ஆனால் அலட்சியம் என்று நிச்சயம் அர்த்தம். பின்னேரம் மருந்தடித்து விடியச் சந்தைக்குக் கொண்டுபோகிற பழக்கத்தை இதை வைத்துத்தான் பிடிக்க முடியும். ஈயம் இதற்கெல்லாம் எதிர்த் துருவம். 2010இல் அதே நிபுணர் குழு, ஈயத்துக்கு முன்பு வைத்திருந்த வார அளவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய ஓர் அளவைக் காண முடியவில்லை. அங்கே எல்லை எண் எவ்வளவு கீழே போக முடியுமோ அவ்வளவு கீழே போவதற்கான படிக்கட்டு மட்டும்தான்.

இன்னொரு பக்கம், கருவிகள் கூர்மையாகிவிட்டன. கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம் என்பது ஆயிரம் தொன் அரிசியில் ஒரு கிராம். இன்றைய ஆய்வுகூடம் அதையும் பார்க்கும். எதையும் போதுமான அளவு நுணுகிப் பார்த்தால் ஏதாவது இருக்கும். ஆகவே "இரசாயனம் கண்டுபிடிப்பு" என்ற தலைப்பைப் பார்த்தால் நான் தேடுவது எண்ணும் அலகும்தான். அவை இல்லாத செய்தியைத் தாண்டிப் போய்விடுவேன்.

அலகு சின்ன விஷயமில்லை. கிணற்றுத் தண்ணீர் அறிக்கை ஒன்றில் நைத்திரேற்று 14 என்று இருக்கிறது என்று வையுங்கள். 50க்குள்தானே என்று வீட்டுக்காரர் நிம்மதியாகலாம். ஆனால் சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்று முழுவதையும் எண்ணாமல் அதிலுள்ள நைதரசனை மட்டும் எண்ணி எழுதும். அந்த அலகில் 50க்குச் சமமான எல்லை சுமார் 11. அப்போது 14 எல்லையைத் தாண்டியது. நைத்திரேற்றாகவா, நைத்திரேற்று நைதரசனாகவா என்று ஆய்வுகூடத்தையே கேட்டுவிட வேண்டும். வீட்டில் போத்தல் பால் குடிக்கிற பிள்ளை இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும்.

மாதிரி எடுப்பதிலும் மாசின் சுபாவம் தெரிய வேண்டும். உணவுச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற பகுப்பாய்வாளருக்கு அனுப்பலாம். தண்ணீர் கிணறு முழுக்க ஓரளவு ஒரே மாதிரி இருக்கும், ஒரு போத்தல் கதையைச் சொல்லிவிடும், மழைக்கு முன்னும் பின்னும் எடுத்தால் இன்னும் நல்லது. அஃப்ளடொக்சின் அப்படிப் பரவி நிற்காது. ஒரு மூட்டைக் கச்சானில் சில பருப்புகளில் மட்டும் கொள்ளையாக இருக்கும், மிச்சமெல்லாம் சுத்தமாக இருக்கும். ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு போனால் பெரும்பாலும் "இல்லை" என்ற விடைதான் வரும். அதனால்தான் பதப்படுத்தப் போகும் கச்சானுக்கு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் என்று எல்லை போட்ட கோடெக்ஸ், அதைச் சோதிக்க மூட்டைகளின் பல இடங்களிலிருந்து சேர்த்த 20 கிலோ மாதிரியை அரைத்துக் கலந்த பிறகே பார்க்கச் சொல்கிறது.